பஸ்மினாவின் ஏழு பேர்

கல்முனையில் வீடு வளவு வாங்கவோ விற்கவோ நினைத்தவர்கள் நெடுங்காலம் றுஸ்தாவைத்தான் முதலில் தேடி வந்தார்கள். இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் பேசினால் வீட்டையும் சேர்த்தேதான் பேசுவார்கள். அதனால் வீடு பார்ப்பது பெண்களின் காரியம். ஆண் தரகர்கள் வாசலில் நின்றபடி சுவரையும் கூரையையும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். றுஸ்தா குசினிக்குள் நுழைந்து புகை எந்தப் பக்கத்தால் போகும் என்று சொல்லுவாள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டு உப்புப் பார்ப்பாள். மதிலுக்கு மேலால் எட்டி அயல்வீட்டுக்காரியோடு இரண்டு கதை கதைத்து, அங்கே எப்படிப்பட்ட சனம் இருக்கிறது என்று அறிந்து வருவாள். நாற்பத்து மூன்று வயதுக்குள் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை அவள் ஏறி இறங்காத வீடு குறைவு.

அவளிடம் மூன்று வருடம் வேலை பழகியவள் பஸ்மினா. ஒரு நாள் சலாம் சொல்லி விலகிப் போனாள். பிரதான வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேலே சின்ன அறையொன்றை எடுத்து, கதவில் இப்படி எழுதி ஒட்டினாள்: ‘ஒரே நேரத்தில் ஏழு குடும்பங்களுக்கு மட்டுமே வேலை செய்வோம். அஸர் தொழுகைக்குப் பிறகு தொலைபேசி எடுக்க மாட்டோம்.’

அதை வட்சப்பில் படமாகப் பார்த்தபோது றுஸ்தா வாய்விட்டுச் சிரித்தாள். வருகிற ஆளைத் திருப்பி அனுப்பும் தரகரை யார் கண்டது? மூன்று மாதத்தில் கதவைச் சாத்துவாள் என்று கணவன் றிம்சானிடம் சொன்னாள்.

ஒன்றரை வருடமாகியும் அந்தக் கதவு சாத்தப்படவில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள், ஹஜ்ஜுக்குப் பெயர் வந்ததைச் சொல்வதுபோல, “நாங்க பஸ்மினாட லிஸ்ட்டுல இரிக்கம்” என்று சொல்லத் தொடங்கினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் றுஸ்தாவுக்குத் தட்டிலிருந்த சோறு இறங்காது. அவளுடைய கொப்பியில் முப்பத்தாறு குடும்பங்கள் இருந்தன. இரண்டு போன்களும் மாறி மாறி அடித்தன. பகல் சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டாள், அதுவும் யாருடையவாவது காலி வீட்டுக்குள். பஸ்மினா பின்னேரங்களில் மகளோடு கடற்கரையில் கச்சான் கடலை தின்றுகொண்டு நடப்பாள். ஒருமுறை நேருக்கு நேர் கண்டபோது, அவளுடைய கண்ணுக்குக் கீழே கருவளையமே இல்லாததைத்தான் றுஸ்தா முதலில் கவனித்தாள். நன்றாகத் தூங்கி எழும்புகிற முகம். அந்த முகத்தின் மேல் வந்த எரிச்சல் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

இந்த நிலைமையில்தான் மருதமுனைச் சாரிக்கடையொன்றில் றஹீமாவைச் சந்தித்தாள். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் மனைவி; ஐம்பத்தைந்து வயதிருக்கும். இளைய மகளுக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசி முடிந்து, நிக்காஹ்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. பார்த்து வைத்த வீடு கடைசி நேரத்தில் கைவிட்டுப் போயிருந்தது.

“பஸ்மினாட்டப் போனன் மகள்,” என்றாள் றஹீமா. “ஏழும் நிறைஞ்சி போச்சாம். இன்னும் ரெண்டு மாசம் செல்லுமாம். அவதான் சொன்னா—”

“அவ சொல்லுறத விடுங்க மாமி,” என்று றுஸ்தா இடையில் புகுந்தாள். “ரெண்டு மாசம் காத்திரிந்தா கல்யாணம் காத்திரிக்குமா? நான் ஒரு மாசத்துக்குள்ள முடிச்சித் தாறன். இன்ஷா அல்லாஹ்.”

றஹீமா எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு தலையாட்டிவிட்டாள். கொப்பியில் முப்பத்தேழாவது பெயரை எழுதும்போது றுஸ்தாவுக்கு உள்ளுக்குள் இனித்தது. பஸ்மினாவின் கையிலிருந்து ஒன்றைப் பறித்துவிட்டாள். வீடு எங்கே தேடுவது என்ற யோசனைகூட அதற்குப் பிறகுதான் வந்தது.

நற்பிட்டிமுனைப் பக்கத்தில் ஒரு நல்ல வீடு இருந்தது. சொந்தக்காரர் கட்டார் நாட்டில், சாவி றுஸ்தாவிடம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு அதற்கு முன்பு இரண்டு வீடு, பின்பு மூன்று வீடு. முதல் வீட்டுக்காரி காணி உறுதிப் பத்திரத்தைத் தேடி எடுக்கவே நேரமாகிவிட்டது. ஸ்கூட்டியில் பறந்து வந்து சேர்ந்தபோது பத்தரை.

கேற்றுக்கு முன்னால் இரண்டு ஓட்டோக்கள் நின்றன. ஒன்றில் வந்தவர்கள் றஹீமாவும் மகளும் மாப்பிள்ளையின் தாயும். மூவரும் வெயிலில், ஒரே குடைக்குக் கீழே நின்றார்கள். மற்றதில் வந்தவன் பஸால் என்கிற வங்கி ஊழியன். மனைவியோடு மேசனையும் கூட்டி வந்திருந்தான். மேசன் மதிலுக்கு வெளியே நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

“ராத்தா, சாவியத் தாங்க,” என்றான் பஸால் சந்தோஷமாக. “கராஜுக்கு இடம் காணுமா எண்டு பாக்க மேசனையும் கூட்டி வந்தன்.”

றுஸ்தாவுக்கு விளங்கவில்லை. “இந்த வீட்டுக்கா?”

“முந்தநாள் நீங்கதானே போன்ல சொன்னீங்க. வீட்டுக்காரர் ஓம் எண்டிட்டார், இனி வீடு உங்கடதான், புதன்கிழம பத்து மணிக்கு வாங்க எண்டு.”

சொன்னது ஞாபகம் வந்தது. யாருடையவோ மொட்டைமாடியில் நின்று, மற்றப் போனும் அடித்துக்கொண்டிருக்க, சொன்னாள். பஸால் கேட்பது மருதமுனையில் அவனுக்குக் காட்டிய வேறொரு வீட்டைப் பற்றி என்று நினைத்துச் சொன்னாள். அவன் பார்த்து, விலை பேசி, கட்டாருக்கும் கதைத்து ஒப்புக்கொண்டது இந்த வீட்டை. அதையும் அவள்தான் நின்று செய்து கொடுத்திருந்தாள். ஒரு வீட்டை இரண்டு குடும்பத்துக்குச் சொல்லி, இரண்டையும் ஒரே நேரத்துக்கு வரவழைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளையின் தாய் குடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“இல்லாத வீட்டக் காட்டவா எங்களக் கூட்டி வந்தீங்க, றஹீமா?”

றஹீமாவின் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். றுஸ்தா என்னென்னவோ சொன்னாள். வேறு வீடு இருக்கிறது, இப்போதே போய்ப் பார்க்கலாம், பக்கத்தில்தான் என்றாள். அப்படியொரு வீடு அவள் கொப்பியிலேயே இல்லை. நல்லவேளையாக எந்த வீடென்று யாரும் கேட்கவில்லை. றஹீமா குடையை மடக்கினாள். “உங்களுக்கு வேல கூடிப் போச்சு போல, மகள்,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

ஓட்டோ வளைவில் மறையுமுன்னே றுஸ்தாவின் மனம் பஸ்மினாவிடம் போய்விட்டது. ளுஹர் தொழுகைக்கு முன் அவளுக்குக் கதை போய்விடும். றஹீமா நேரே அங்கேதான் போவாள். பஸ்மினா இரக்கப்பட்டு எட்டாவதாகச் சேர்த்துக்கொள்வாள், ஊரெல்லாம் அவளைத் தூக்கிப் பேசும். அதை நினைக்கவே பொறுக்கவில்லை. கூடவே ஒரு அற்ப ஆசையும் எட்டிப் பார்த்தது: எட்டாவது ஆளைச் சேர்த்தால் அந்த அறிவித்தல் பொய்யாகிப் போகும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை, புடவைக்கடை வாசலில் றஹீமா படியிறங்கி வருவதை வீதிக்கு மறுபக்கத்தில் நின்று கண்டாள். அவள் போகும்வரை காத்திருந்து, வீதியைக் கடந்து, முதல் தடவையாக அந்தப் படிகளில் ஏறினாள்.

பஸ்மினா எழுந்து நின்று சலாம் சொன்னாள். “இரிங்க ராத்தா.” பிளேன்டீ ஊற்றப் போனாள்.

றுஸ்தா உட்காரவில்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. ஏழு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே சிறிய எழுத்தில் குறிப்புகள். ‘மாமியாருக்கு மாடி ஏற ஏலாது.’ ‘பள்ளிவாசலுக்கு நடந்து போற தூரம்.’ ‘காணி அளக்க சேவையர் திங்கள் வருவார்.’ ‘வாப்பா மவுத்தான வீடு, அவசரப்படுத்த வேணாம்.’

“எட்டாவது பேர எங்க எழுதியிரிக்காய்?”

“எட்டு இல்ல ராத்தா. றஹீமா மாமிக்கு இண்டைக்கும் ஏலாதெண்டுதான் சொன்னன்.”

“அந்த மனிசி நேத்து நடுரோட்டுல நிண்டது தெரியுமா உனக்கு?”

“தெரியும். அவவே சொன்னா.” பஸ்மினா கோப்பையை மேசையில் வைத்தாள். “இன்னொரு தரம் உங்களுட்டத்தான் போகச் சொன்னன். முதல் உங்களுட்ட அனுப்பினதும் நான்தான்.”

சாரிக்கடையில் றஹீமா சொல்ல வந்து முழுங்கியது இதைத்தான். பறித்ததாக நினைத்து இத்தனை நாள் இனித்தது, பஸ்மினாவே கையில் எடுத்துத் தந்ததா?

“எனக்குப் பிச்ச போடுறியா, புள்ள?”

“என்ன ராத்தா இப்பிடிக் கதைக்கிறீங்க? என்னால ஏலாத ஆக்கள வேற ஆருட்ட அனுப்புற? வேலயெல்லாம் நான் உங்களுட்டத்தானே பழகின.” பஸ்மினா கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள். “முந்தி நீங்க செஞ்ச மாதிரி இஞ்ச ஒருத்தரும் செய்யிறல்ல.”

முந்தி என்ற சொல் றுஸ்தாவுக்கு நன்றாகக் கேட்டது. “அப்ப ஏன் இந்த ஏழு? ஊருக்குப் பெரும காட்டவா?”

பஸ்மினா எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். “நிலாந்தினி அக்காவ ஞாபகமிரிக்கா?”

றுஸ்தா யோசித்தாள். எத்தனை நிலாந்தினிகள். முகமொன்றும் வரவில்லை.

“பாண்டிருப்பு. ஆஸ்பத்திரியில நேர்ஸ். ஒரு வளவு வாங்கித் தந்தம். பழைய உறுதியெல்லாம் தேடிப் பாக்கச் சொல்லி என்ன அனுப்பினீங்க. அண்டைக்கே ரெண்டு வீடு காட்டவும் அனுப்பினீங்க. காணிப் பதிவுக் கந்தோருக்கு நான் போய்ச் சேரக்குள்ள கதவு பூட்டியாச்சு. நாளைக்குப் போறன் எண்டன். நாளைக்கு வேற வேல வந்திச்சு. நீங்க கேக்கல்ல, நானும் சொல்லல்ல. மறுகா கைச்சாத்து வெச்சாங்க. வித்தவர்ர தம்பிக்கும் அதுல பங்கு இரிந்திருக்கு. அத்திவாரத்தோட வேல நிண்டு போச்சு. நாலு வருசம் ராத்தா. இன்னும் வாடகை வீட்டுலதான் இரிக்கா. மாசத்துக்கு ஒருக்கா போய்ப் பாக்கிறன். ஒருநாளும் ஏசினதில்ல, தேத்தண்ணி ஊத்தித் தருவா.” பஸ்மினா சுவரிலிருந்த பலகையைக் காட்டினாள். “எனக்கு ஏழு பேரத்தான் மறக்காம வெச்சிருக்க ஏலும். எட்டாவது ஆள் வந்தா ஆரையோ மறந்திருவன் எண்டு பயம். பெரும ஒண்டுமில்ல.”

றுஸ்தா தேநீரைக் குடிக்காமலே இறங்கி வந்தாள். படியின் பாதியில் நின்று மறுபடியும் யோசித்துப் பார்த்தாள். அந்த நேர்ஸ் உயரமா, கட்டையா, கண்ணாடி போட்டவளா, ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு காலமும் பஸ்மினாவின் தூக்கத்தைப் பார்த்தும், அவளைத் தேடிவரும் சனத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டவளுக்கு, இப்போது பலகையிலிருந்த அந்தச் சிறிய எழுத்துகள் மேல் பொறாமை வந்தது. யாரோ ஒரு மாமியாரால் மாடி ஏற ஏலாது என்பதுவரை பஸ்மினாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு காலத்தில் அதெல்லாம் தனக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் கூடுதலாகச் சுட்டது.

அன்று பின்னேரம் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தாள். ஒன்பது பேரின் முகம் பெயரைப் படித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒருத்தி, “நாங்க குடிபோய் நாலு மாசம் ராத்தா,” என்று சிரித்தாள். ஒருவர், இப்போதுதான் ஞாபகம் வந்ததா என்று கேட்டு போனை வைத்தார். இன்னும் சிலரிடம், தன்னால் இப்போது ஏலாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று அவளே சொன்னாள். சொல்லி முடித்ததும் அந்தப் பெயரைக் கோடு போட்டு வெட்டினாள். கடைசியில் பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். இன்னும் குறைக்கலாம் என்றான் றிம்சான். குறைக்க மாட்டேன் என்றாள். ஏழு என்று வைத்தால் பஸ்மினாவைப் பார்த்துச் செய்ததாக ஊர் சொல்லும்.

அடுத்த நாள் றஹீமாவின் வீட்டுக்குப் போனாள். கதவு பாதிதான் திறந்தது.

“மாப்புக் கேக்க வந்தன் மாமி. இன்னும் இருபது நாள் தாங்க. அது மட்டும் புதுசா ஒருத்தரையும் எடுக்க மாட்டன்.”

“மாப்பிள்ளைர உம்மாவுக்கு நான் என்ன சொல்லுற?”

“நானே போய்ச் சொல்லுறன்.”

சொன்னபடியே போனாள். அந்தம்மா அரை மணித்தியாலம் முகம் கொடுக்காமல் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “பின்பக்கத்தால காத்து வரோணும். எனக்கு மூச்சு முட்டுற வருத்தம்,” என்றார். றுஸ்தா அதை எழுதிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் கல்முனைக்குடியில் வீடு கிடைத்தது. சொந்தக்காரி மகனோடு கொழும்புக்குப் போகிறவள். பின்பக்கத்தில் வேம்பும் நல்ல காற்றும். இந்தத் தடவை றுஸ்தா யாரையும் அனுப்பாமல் தானே பதிவுக் கந்தோருக்குப் போய், காலையிலிருந்து பழைய உறுதிகளைப் புரட்டினாள். வீட்டுக்காரியின் தங்கையொருத்தி கையொப்பம் வைக்காத பங்கு ஒன்று அதில் இருந்தது. றஹீமாவிடம் மறைக்காமல் சொன்னாள். பொத்துவிலுக்குப் பஸ்ஸேறிப் போய் அந்தத் தங்கையைக் கண்டு, கதைத்து, கூட்டி வந்தாள். ஒரு கிழமை பிந்தியது. மாப்பிள்ளையின் தாய் முணுமுணுத்தார், ஆனால் வீட்டைப் பார்த்து, பின்கதவைத் திறந்து காற்றில் நின்றபோது நன்றாக மூச்சை இழுத்து விட்டார்.

நொத்தாரிசின் மேசையில் உறுதி எழுதி முடிந்ததும் றஹீமா றுஸ்தாவை அணைத்துக்கொண்டாள். “உங்களப் பத்தி பஸ்மினா சொன்னது பொய்யில்ல,” என்றாள். மனம் நிறைந்து சொன்ன வார்த்தை. அப்போதும் அந்தப் பெயர் நடுவில் வந்து நின்றது றுஸ்தாவுக்குக் குத்தியது. சிரித்து வைத்தாள்.

அதற்கு அடுத்த கிழமை சுஜித்தா என்றொரு பெண் பாண்டிருப்பிலிருந்து அழைத்தாள். விற்க இருந்தது வீதியோர வளவு, கையில் விழுந்தால் ஒரு மாதத்தில் விற்றுவிடலாம். றஹீமாவின் இடத்துக்கும் ஆள் வந்து பன்னிரண்டும் நிறைந்திருந்தது. தன்னால் ஏலாதென்று சொல்லி, முத்தலிப் காக்கா என்று ஊர் கூப்பிடும் வயதான தரகரின் போன் இலக்கத்தைக் கொடுத்தாள். பஸ்மினாவின் இலக்கத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

பத்து நாள் கழித்து அந்த வளவுக்கு முன்னால் போகும்போது, முத்தலிப் காக்கா வாங்குகிறவர்களைக் கூட்டி வந்து எல்லையைக் காட்டிக்கொண்டு நின்றார். விற்கப்போகிற முகங்களும் வாங்கப்போகிற முகங்களும் றுஸ்தாவுக்குப் பார்த்தவுடன் தெரியும்; இது முடியப்போகிற வியாபாரம். தானே கொடுத்ததுதான். ஆனாலும் அதே எரிச்சல் வந்தது. ஆட்களைத் திருப்பி அனுப்பும்போது பஸ்மினாவுக்கும் இப்படி எரியுமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கப் போவதில்லை என்பதும் தெரியும். முத்தலிப் காக்காவுக்குக் கையசைத்துவிட்டு ஸ்கூட்டியை மருதமுனைப் பக்கம் விட்டாள். அங்கே பன்னிரண்டு பேரில் ஒருத்தி காத்திருந்தாள். கடல் சத்தம் கேட்கிற வீடு அவளுக்கு வேண்டாம்; கொப்பியைப் பார்க்காமலே அது நினைவிருந்தது.