தார்ப்பாய்க்கு அடியில்

காரைக் கண்டால் வாயைப் பிளக்கிறவர்கள் உண்டு. பட்டறைக்காரனுக்குக் கார் ஆகாது. அவன் உயிரே சின்ன பிக்கப் வண்டியில்தான் இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் நாலு ஜன்னல் கிரில் ஏற்றலாம். அப்படிப்பட்ட சாதுவான வண்டிக்குள் டர்போ வைத்த பெரிய இன்ஜினைத் திணித்து, சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பணக்காரக் காரை வாயடைக்க வைப்பதில் அவனுக்கு அப்படியொரு அற்ப சந்தோஷம். வெல்டிங்கில் கை சுட்டால் முகம் சுளிக்காதவன், அதன் பெயின்ட்டில் ஒரு கீறல் விழுந்தால் சாப்பாட்டைத் தொடமாட்டான்.

"என் சக்களத்தி குளிச்சாச்சா?" என்று வண்டியைக் காட்டி மனைவி கேட்பாள். கிண்டல்தான். அவளும் அதை நன்றாக ஓட்டுவாள். சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

அந்த வண்டிக்கு ஒரு கெட்ட குணம். பின்பக்கம் காலியாக இருந்தால், ஈரச் சாலையில் பிரேக் மிதித்ததும் வால் தனியாக ஓடப் பார்க்கும். அதனால் பின் சக்கரங்களுக்கு மேலே மணல் மூட்டைகளை அடுக்கி, தார்ப்பாயை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பான். "மூட்டை இருக்கிற வரைக்கும் பயமில்ல" என்று அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் பந்தயம். பந்தயத்துக்கு எவனாவது மணல் சுமப்பானா? மூட்டைகளைப் பட்டறைச் சுவரோரம் இறக்கினான். காற்று தடுக்கக் கூடாதென்று தார்ப்பாயை மட்டும் மறுபடி இழுத்துக் கட்டினான். ஒரு வண்டி நீளத்தில் ஜெயித்தான். சாப்பிடும்போது அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, மனைவியையும் வந்திருந்த அவள் தம்பியான மச்சானையும் சிரிக்க வைத்தான். மூட்டைகளை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். பாவி, அதை வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை.

மறுநாள் விடியும்போதே மழை. மச்சான் புது வேலையில் சேர ரயிலைப் பிடிக்க வேண்டும். தூங்குகிற புருஷனை எழுப்ப மனசில்லாமல் அக்காவே சாவியை எடுத்தாள். பாலத்து இறக்கத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தாள். வண்டி சுழன்று, தம்பி உட்கார்ந்திருந்த பக்கமாகத் தூணில் மோதியது. அவளுக்குத் தோள்பட்டை முறிந்தது. தம்பி அங்கேயே போய்விட்டான்.

"நானே அவனக் கொன்னுட்டேன்." அதற்குப் பிறகு அவள் வாயில் வேறு பேச்சில்லை. அவன் சொல்ல வாயெடுப்பான். கடைசியில் "மழைம்மா, நீ என்ன பண்ணுவ" என்பான். ஒரு வார்த்தையில் அவள் பாரத்தை இறக்கியிருக்கலாம். அவளை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் கோழை அதை விழுங்கினான்.

வண்டியைச் சோதிக்க ஆய்வாளர் வந்த அன்று, தம்பியின் பையை எடுக்க வேண்டுமென்று அவளும் கையில் கட்டோடு கூடவே வந்தாள். நசுங்கிய பக்கவாட்டைப் பார்த்துவிட்டு ஆய்வாளர் பின்னால் வந்தார்.

"இத மழையில காலியா ஓட்டினா சுத்தத்தான் செய்யும். பின்னாடி வெயிட் இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு சார். மணல் மூட்டை. இவர் எப்பவும் போட்டுத்தான் வைப்பார். இவர் மேல ஒரு தப்பும் இல்ல, நான்தான் மிதிக்கத் தெரியாம மிதிச்சிட்டேன்." புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அவுத்துக் காட்டுங்களேன்."

அவன் முடிச்சில் கை வைத்தான். அவிழ்க்காமல் திரும்பினான்.

"இல்ல," என்றான். "நான் எடுத்துட்டேன்."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை."

அவள் தார்ப்பாயைப் பார்த்தாள்.

"ஒரு வண்டி நீளம் ஜெயிச்சேன்னு சொன்னீங்களே," என்றாள் மெதுவாக. "அதுக்கா?"

"ஆமா."

உடைந்த கதவுக்குள் நல்ல கையை விட்டுத் தம்பியின் பையை இழுத்தாள். அவன் உதவ வந்தபோது, "தொடாதீங்க" என்றாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போய், அந்த வழியாக வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள்.

"முடிச்ச அவுத்துக் காட்டுங்க சார்," என்றார் ஆய்வாளர்.