ஒன்பது அடி வெற்றிடம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்போர், மதிப்பெண் பட்டியலோடு, தாம் ஊரில் இல்லாதபோது உண்டாகும் வெற்றிடத்தின் அளவுச் சான்றிதழையும் இணைத்தல் வேண்டும். குறைந்தது மூன்றடி. வட்டத்துக்கு ஒருவரே தேர்வாவார். வெற்றிடம் பெரிதாய் உள்ளவர்.

சங்கரன்கோவிலில் ஒரு மாடியறையில் தனியே வாழ்ந்த சண்முகவடிவு, தாவரவியலில் முதலாவதாகத் தேறியவள். பெற்றோர் இல்லை. அளவெடுக்க வந்த வருவாய் ஆய்வாளர், விதிப்படி அவளைத் தெருவின் எதிர்ப்புறம் நிற்கச் செய்துவிட்டு, அறைக்குள் நாடாவை இழுத்தார். அது ஓர் அங்குலமும் நீளவில்லை.

“ஒண்ணும் தேறலயே தாயி. அடுத்த தெரு அந்தோணிக்கு எட்டே முக்கால் அடி. மூணு அத்தைமாரும் வாசல்ல உக்காந்து அழுதாங்க. ஒன்னயத் தேட ஒரு ஆளாவது வேண்டாமா?”

ஆறு நாள் தவணை தந்தார்.

வடிவு கீழ்வீட்டு உரிமையாளர் பிச்சம்மாளிடம் சென்றாள்.

“அக்கா, என்னயக் கொஞ்சம் தேடுவீங்களா?”

“தேடலாம்ட்டி. நாலு மணிக்கு மேல சீரியல் வரிசையா இருக்கே. ஆமா, ஒம் பேரு என்ன?”

வேறு வழியின்றி அவளே தேடத் தொடங்கினாள். நாள்தோறும் காலையில் எதிர்ப்புறம் போய் நின்று, மூடிய சன்னலைப் பார்த்து, “வடிவு, சாப்பிட்டியா?” என்பாள். முதல் இரண்டு நாள் முறைக்காகக் கேட்டாள். மூன்றாம் நாள், பதில் வராதது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு இட்லி வாங்கிப் படியில் வைத்துவிட்டு, அவை ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் நாடா ஒன்பது அடி நீண்டு, சுவரில் முட்டி நின்றது. ‘தேடுபவர் பெயர்’ என்ற இடத்தில் வடிவு தன் பெயரையே எழுதினாள். வட்டாட்சியர் பச்சை மையில் கையொப்பமிட்டார்.

உதவித்தொகை கிடைத்தது. நிபந்தனை ஒன்றே: படிப்பு முடியும் வரை தேடுபவர் ஊரைவிட்டு அகலலாகாது.

வடிவு உடன்பட்டாள். புறப்படும் நாளில் பேருந்தில் ஏறிச் சன்னலோரம் அமர்ந்தாள். பேருந்து நகர்ந்ததும், வடிவே எதிர்ப்புறம் நின்று, அது கண்ணுக்கு மறையும் வரை கையசைத்தாள்.

திரும்பி வந்தவளைப் பிச்சம்மாள் வாசலில் நிறுத்தினாள்.

“மாடிப் பிள்ள போயிட்டாளா?”

“போயிட்டாக்கா.”

“வடிவுன்னு பேரு. தங்கமான பிள்ள.”

வடிவு படியேறிக் கதவைத் திறந்தாள். வெற்றிடம் அறை முழுவதும் இருந்தது. கால் வைக்க இடமில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு, எதிர்ப்புறம் போய் நின்றாள்.