இளைத்துப்போன பலூன்கள்

மே பதினேழு எங்கள் தேசிய நாள். கடலோரத்தில், இவ்வளவு வடக்கே, அன்றும் பனி கொட்டும். ஆனாலும் யாரும் கோட்டு போட மாட்டோம், பாரம்பரிய உடுப்பு மறைந்துவிடுமே!

அடுத்த ஆண்டு எங்கள் பள்ளியில் ஒரே ஒரு விருப்பப் பாடத்துக்குத்தான் இடம். நான் நடத்தும் பேண்டு வாத்தியமா, சக ஆசிரியர் அஸ்கவுட்டின் வேதியியலா என்று விழாவுக்கு மறுநாள் பிள்ளைகள் கை தூக்கி முடிவு செய்வார்கள். தோற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஊர்வலத்துக்குப் பலூன் பொறுப்பு அஸ்கவுட்டுடையது. கதகதப்பான வகுப்பறையில் ஹீலியம் அடைத்த ஜிகினாத்தாள் திமிங்கிலப் பலூன்கள், வெளியே வந்ததும் இளைத்துத் துவண்டன.

"அஸ்கவுட், என் திமிங்கிலம் தொங்குது!" என்று மாணவி இடுன் கத்தினாள். எங்கள் ஊரில் ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"காத்து எங்கயும் போகல. குளிர்ல மூலக்கூறுங்க மெதுவா ஓடுது, பலூன் சுவத்துல பலமா மோதல. சூடானா தானா சரியாயிடும்."

நான் சும்மா இருப்பேனா? "பாவம், அதுங்களுக்கும் ஒரு கம்பளிச் சட்டை மாட்டிவிடுங்க" என்றேன்.

பெற்றோர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஹீலியம் உருளையைப் பனியில் இழுத்து வந்து, எல்லாவற்றையும் விறைப்பாக நிரப்பிக் கொடுத்தார். ஊர்வலம் முழுக்க எல்லோரும் திமிங்கிலங்களைத்தான் பார்த்தார்கள். முன்னால் ஊதிக்கொண்டு போன எங்களை யார் பார்த்தார்கள்? எனக்கு வயிற்றெரிச்சல்.

பிறகு பலூன்களோடு எல்லோரும் சூடான உள்ளரங்கில் கேக், காபி. தலைமையாசிரியை குன்வோர், "அமைதியான நம் தேசம்..." என்று தொடங்கினார். டமார்! முதலில் இடுனின் திமிங்கிலம். அப்புறம் வரிசையாக மற்றவை. குன்வோர் மேசைக்கடியில் போய்விட்டார்.

"மூலக்கூறுங்க வேகமெடுத்துடுச்சு" என்று முனகினார் அஸ்கவுட். மனதுக்குள் அவருக்கு வழியனுப்பு விழாவே நடத்தி முடித்தேன்.

மறுநாள், "வேதியியல் யாருக்கு வேணும்?" என்று குன்வோர் கேட்டதும் வகுப்பே கை தூக்கியது. என் டிரம்பெட்காரர்கள்தான் முதலில்.

"ஏண்டா, நீங்களுமா?"

"உங்க பாடத்துல எதுவும் வெடிக்காதே, டோருன்!"

அஸ்கவுட் வாசல்வரை கூடவே வந்தார். "வருஷம் பூரா சரியா சொல்லிக்கொடுத்தேன், ஒருத்தனும் காதுல வாங்கல. ஒரு தடவை தப்பு பண்ணினேன், எல்லாரும் வந்துட்டாங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நானோ அன்று ஊர்வலம் முடியும்வரை ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை.