எல்லாத் துறைக்கும் ஒரே கேள்வி

குற்றாலத்தில் ஜூலை மாதம் ஆய்வு மாநாடு வைக்கிறவருக்கு ஆய்வில் எவ்வளவு அக்கறை என்று தென்காசிக்காரங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாரல் அடிக்கிற மாதம். மெயினருவியில் தண்ணீர் கொட்டுகிற மாதம். என் பிஎச்.டி. கைடு டாக்டர் விஜயசங்கர் வருஷா வருஷம் அந்த மாதத்தில்தான் 'அறிவியல், தொழில்நுட்பம், கலைகள்: சர்வதேசப் பன்முக ஆய்வு மாநாடு' நடத்துகிறார்.

பன்முகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. லாட்ஜ்காரர் இலவசமாகக் கொடுத்தது ஒரே ஒரு கல்யாண ஹால். அதற்குள் வேதியியல், பரதநாட்டியம், ரோபோ, பக்தி இலக்கியம் எல்லாம் அடைந்து உட்கார வேண்டும். குத்துவிளக்கு ஏற்றுகிற வரைக்கும் கூட்டம் இருக்கும். குரூப் போட்டோ முடிந்ததும் பாதிப் பேர் அருவிக்கு, மீதிப் பேர் எண்ணெய் மசாஜுக்கு. கட்டுரை வாசிக்கிறவர் காலி நாற்காலிகளுக்கு வாசித்துவிட்டு, அவரும் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சாயங்காலம் எல்லாரும் ஈரத்தலையோடு வந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த வருஷம் எனக்கு நஷ்டம்.

நான் பேச்சித்தாய். இலத்தூர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தாள். என் ஆய்வு, குற்றாலத்துத் தண்ணீரில் கலக்கிற சோப்பைப் பற்றியது. இரண்டு வருஷமாகப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சிற்றாற்றுக்குள் இறங்கி ஏறுகிறேன். அட்டை கடித்த தழும்பு காலில் இருக்கிறது. பொம்பளைப் பிள்ளை ஆற்றோரம் தனியாக என்ன செய்கிறாள் என்று வாட்ச்மேனிலிருந்து வடைக்கடைக்காரர் வரைக்கும் கேட்டாகிவிட்டது. அந்தக் கட்டுரையை மாநாட்டு அட்டவணையில் பார்த்தேன். முதல் பேர் செந்தில்வேல். இரண்டாவது பேர் விஜயசங்கர். மூன்றாவது பேர் கிடையாது.

செந்தில்வேல் எங்கள் சாருக்கு மச்சினன். ஏதோ ஒரு காலேஜில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு இன்டர்வியூ வருகிறதாம். அதற்கு ஒரு கட்டுரை வேணுமாம்.

"சார், என் பேரு?"

"எடம் பத்தலம்மா."

"தண்ணி எடுத்ததே நான்தான சார்."

"தண்ணி எடுத்தவங்களுக்கெல்லாம் பேரு போட்டா, ஒன்னைய ஏத்திட்டு வந்த மினிபஸ் டிரைவருக்கும் போடணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஒன் தீசிஸ் சினாப்சிஸ்ல கையெழுத்து யாரு போடணும்? அத மட்டும் ஞாபகம் வச்சுக்க."

ஞாபகம் இருந்தது. மாநாட்டு மலருக்கு அத்தனை கட்டுரைகளையும் டைப் அடிக்கிற வேலையும் என் தலையில்தான். என் பேர் இல்லாத என் கட்டுரையை நானே டைப் அடித்தேன். கீபோர்டு இன்னும் உடையாமல் இருப்பது அதனுடைய அதிர்ஷ்டம்.

மாநாட்டுக்கு முந்தின நாள், இலங்கையிலிருந்து வருவதாக இருந்த பேராசிரியர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். சாருக்கு வேர்த்துவிட்டது. புளியறை தாண்டிக் கேரளாவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதை வைத்து 'தேசிய' என்று போட்டுக்கொள்ளலாம். 'சர்வதேச' என்று போட எங்கே போவது? பேனர் வேறு அடித்தாகிவிட்டது.

என்னோடு லேபில் இருக்கும் மிஸ்ரியா கடையநல்லூர்க்காரி. விளையாட்டாகச் சொன்னாள்: "எங்க அண்ணன் ஷார்ஜாலருந்து லீவுல வந்திருக்கான் சார்."

"என்ன பண்ணுதாரு?"

"ஏசி மெக்கானிக்."

சார் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். பிறகு, "குளிர்சாதனத் தொழில்நுட்ப வல்லுநர், ஐக்கிய அரபு அமீரகம். பேனர்ல ஒட்டிருங்க" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே மிஸ்ரியாவின் அண்ணன் மசூது கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நல்ல மனுஷன். ஆனால் பயத்தில் முகம் வெளுத்திருந்தது. "தங்கச்சி, என்னைய அமர்வுத் தலைவர்ங்காவ. ஒவ்வொருத்தரும் பேசின பெறவு ஒரு கேள்வி கேக்கணுமாம். நான் பத்தாங்கிளாஸ்ல கணக்குல பெயிலாப் போனவன். ரோபோகிட்ட என்னத்தக் கேக்க?"

ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்: 'இதை நீங்க எப்படிச் செஞ்சிய?'

"எல்லாருக்கும் இதே கேள்வியா?"

"எல்லாருக்கும் இதேதான்."

"பரதநாட்டியத்துக்கும்?"

"அதுக்கும் பொருந்தும் அண்ணே. பதில் சொன்னதும் சந்தோஷம்னு தலையாட்டுங்க. பயப்படாதிய, ஹால்ல ஒரு ஈ காக்கா இருக்காது."

அன்றைக்கு ராத்திரி மலையில் பேய்மழை. விடிந்ததும் அருவியில் வெள்ளம். போலீஸ் கயிறு கட்டிவிட்டது. மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், எல்லா இடத்திலும் குளிக்கத் தடை. குரூப் போட்டோ முடிந்து துண்டும் கையுமாகக் கிளம்பிய பேராசிரியர் பெருமக்கள் அதே துண்டோடு திரும்பி வந்தார்கள். மசாஜ் பண்ணினாலும் குளிக்க அருவி வேணுமே. வெளியே மழை. வடையும் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அத்தனை பேரும் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலி பத்தாமல் மணமேடைப் படியிலும் உட்கார்ந்தார்கள். ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் படித்தவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

முதலில் ஒரு தமிழ்ப் பேராசிரியர், 'பழந்தமிழ்ப் பாடல்களில் செயற்கை நுண்ணறிவு'. மசூது அண்ணன் அட்டையைப் பார்த்து, மைக்கைப் பிடித்து, தெளிவாகக் கேட்டார்: "இதை நீங்க எப்படிச் செஞ்சிய?"

"அது வந்து... செயற்கை நுண்ணறிவுகிட்டயே கேட்டேன்."

"சந்தோஷம்."

ஹாலில் முதல் சிரிப்பு எழுந்தது. அடுத்து தென்னை நோயைக் கண்டுபிடிக்கிற ஆப். "எப்படிச் செஞ்சிய?" "பசங்கதான் செஞ்சாங்க. நான் கைடு பண்ணினேன்." "சந்தோஷம்." அதற்கடுத்து வீணை இசை கேட்ட பசு கூடுதலாகப் பால் தருகிறது என்றொரு கட்டுரை.

"எப்படிச் செஞ்சிய?"

"மாட்டுப் பக்கத்துல செல்போன்ல பாட்டுப் போட்டு வச்சோம்."

மசூது அண்ணனுக்கு நிஜமாகவே ஆர்வம் வந்துவிட்டது. அட்டையில் இல்லாததைக் கேட்டார்: "எத்தன மாடு?"

"ஒண்ணு. எங்க மாமியார் வீட்டு மாடு."

"மாட்டுக்கும் ஒரு சர்டிபிகேட் குடுங்கவே!" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்த, ஹால் அதிர்ந்தது. குளிக்க முடியாத ஆத்திரத்துக்கு எல்லாருக்கும் ஒரு விளையாட்டுக் கிடைத்துவிட்டது. அடுத்தடுத்து யார் மேடை ஏறினாலும் மசூது அண்ணன் வாய் திறப்பதற்கு முன் கூட்டமே கோரஸாகக் கேட்டது: "எப்படிச் செஞ்சிய?"

ஒரே ஒருத்தன்தான் அசரவில்லை. ஜஸ்டின் என்று நாகர்கோவில் பையன், இசைத்துறை. புளியறை செக்போஸ்டில் வரிசையில் நிற்கிற லாரி டிரைவர்கள் என்ன பாட்டுக் கேட்கிறார்கள் என்று ஆராய்கிறானாம். எப்படிச் செஞ்சிய என்றதும் பிடித்துக்கொண்டான். எந்த லாரியில் ஏறினான், யார் திட்டினார்கள், யார் பொரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. மணி அடித்துத்தான் இறக்கினார்கள். எனக்கு அவன் மேல் பொறாமையாக இருந்தது.

பிறகு செந்தில்வேல்.

நான் மேடை ஓரத்தில் லேப்டாப் முன்னால் இருந்தேன். அவன் வாசிக்க வாசிக்க ஸ்லைடைத் தள்ளிவிடுவது என் வேலை. என் வரிகளைத் தப்புத் தப்பாக வாசித்தான். கடைசி ஸ்லைடு நான் போட்டதில்லை. 'குளிக்க வரும் பொதுமக்களின் அறியாமையே மாசுக்குக் காரணம்' என்று இருந்தது. நான் கண்டுபிடித்ததற்கு நேர் எதிர். சார் மாற்றியிருக்கிறார். எதற்கு என்று யோசிக்கவே வேண்டாம். வாசலில், ஹாலை ஓசியில் கொடுத்த லாட்ஜின் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

"எப்படிச் செஞ்சிய?" கூட்டம் கேட்டது.

"ஸ்டாண்டர்ட் மெத்தட்" என்றான் செந்தில்வேல்.

முன்வரிசையில் தாவரவியல் பேராசிரியை ஸ்ரீமதி மேடம், அதுவரைக்கும் சிரிக்காத ஒரே ஆள், கேட்டார்: "தண்ணிய எங்க எடுத்தீங்க?"

"அருவில மேடம்."

"எந்த அருவி?"

"எல்லா அருவியிலயும்."

"எப்ப?"

செந்தில்வேல் என்னைப் பார்த்தான். சாரும் என்னைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கி, தாடையால் அவனைக் காட்டினார். மெதுவாகச் சொல்லிக்கொடு என்று அர்த்தம். பக்கத்திலிருந்த மிஸ்ரியா என் முழங்கையில் இடித்தாள். "ஏட்டி, இப்ப விட்டேன்னா ஒன்கூடப் பேச மாட்டேன்."

எழுந்து போய் அவன் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்று பிற்பாடு சொன்னார்கள். இருக்கட்டும்.

"நான் எடுத்தேன் மேடம். அருவில இல்ல. கீழ, ஆத்துல. லாட்ஜுகளுக்குப் பின்னால ஒரு ஓடை வந்து ஆத்துல சேருது. அது சேருறதுக்கு மேல ஒரு பாட்டில், சேர்ந்ததுக்குக் கீழ ஒரு பாட்டில். தண்ணியோட நீலச் சாயத்தையும் குளோரோபார்மையும் ஊத்திக் குலுக்கினா, சோப்பு இருந்தா நீலம் அடியில எறங்கும். எவ்வளவு நீலமோ அவ்வளவு சோப்பு. குளிக்கத் தடை போட்ட நாளாப் பாத்து எடுத்தேன். இன்னைக்கு மாதிரி. அருவில ஒரு ஆளு குளிக்கல. அப்பவும் மேல எடுத்த தண்ணில நீலம் எறங்கல, கீழ எடுத்ததுல எறங்குது. அப்ப சோப்பு யாரு போட்டா? பொதுசனமா? அந்த ஓடையில விழுற குழாயில ஒண்ணு இந்த ஹாலுக்குப் பின்னால இருக்கு. கடைசி ஸ்லைடு நான் எழுதினதில்ல. மத்த எல்லாம் நான் எழுதினது. என் பேரு பேச்சித்தாய்."

என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் நான் பேசி ஒருமொத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்கிறீர்கள்? பின்வரிசையில் ஒரு செல்போன் அடித்தது. எடுத்தவர், "தடை நீங்கிருச்சு! மெயினருவில குளிக்க விடுதாவளாம்!" என்றார்.

பரதநாட்டியம் முதலில் ஓடியது. பின்னாலேயே பக்தி இலக்கியம், ரோபோ, மாமியார் வீட்டு மாடு. கேரளாக்காரங்க இரண்டு பேர் "வேகம் வா" என்று ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கொண்டு போனார்கள். நாற்காலிகள் உருண்டு கிடந்தன. மிச்சம் இருந்தது மசூது அண்ணன், மிஸ்ரியா, செந்தில்வேல், சார். ஸ்ரீமதி மேடமும் எழுந்திருக்கவில்லை.

"மழை நாள்லதான தடை போடுவாங்க?" என்றார் மேடம். "மழைத் தண்ணி தெருவுல கெடக்குற சோப்பையும் அடிச்சிட்டு வந்து ஓடையில விட்டிருக்கும். அது குழாய்த் தண்ணிதான்னு எப்படிச் சொல்ற?"

நல்ல கேள்வி. இரண்டு வருஷத்தில் சார் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"தெரியாது மேடம். அதப் பாக்கல."

"மழை விட்டாச்சு. தெருவுல தண்ணி ஓடாது. குழாய் வாயிலயே எடுத்துப் பாரு."

சார் மேடைக்கு வந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "சினாப்சிஸத் தூக்கிட்டு என் ரூமுக்குத்தான நீ வரணும்? வா, பாத்துக்கிடுதேன்."

"வருவேன் சார். நீங்க போட மாட்டேன்னா வேற கைடு கேட்டு எழுதிக் குடுப்பேன். ஏன்னு காரணமும் எழுதுவேன்." லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். "மலரு ஃபைல் இந்த லேப்டாப்லதான் இருக்கு. ஒங்க முன்னாலயே மாத்துதேன், பாருங்க."

மாற்றினேன். முதல் பேர் பேச்சித்தாய். இரண்டாவது விஜயசங்கர், கைடு என்கிற மரியாதைக்கு. செந்தில்வேலை எடுத்துவிட்டேன். கடைசி ஸ்லைடின் வரியைச் சார் மலரிலும் சேர்த்திருந்தார்; அதையும் எடுத்தேன். சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலேஜுக்கு மார்க் போடுகிற தர மதிப்பீட்டுக் குழு வருவதற்குள் மலர் அச்சாக வேண்டும். தொண்ணூறு கட்டுரையை மறுபடி டைப் அடிக்க அவருக்கு என்னை விட்டால் ஆளில்லை. "திமிரு" என்று மட்டும் சொன்னார்.

"ஆமா சார்."

மேடை மேலிருந்த தண்ணீர் பாட்டில்கள் இரண்டைத் திறந்து, இருந்ததைப் பூந்தொட்டியில் கொட்டினேன். மசூது அண்ணன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "நானும் வாரேன் தங்கச்சி. வழுக்கும்."

பின்படியில் இறங்கும்போது யாரோ ஓடி வருகிற சத்தம். செந்தில்வேல். தோளில் துண்டு, கையில் ஷாம்பு பாக்கெட். அருவிக்குப் போகிறவன் இந்தப் பக்கம் எதற்கு வருகிறான் என்று திரும்பிப் பார்த்தேன்.

"எக்கா," என்றான். அவனுக்கு என்னைவிட இரண்டு வயசு கூட. "இன்டர்வியூல கேட்டா என்ன சொல்லட்டும்? அத நீங்க எப்படித்தான் செஞ்சிய?"

"மொதல்ல அந்த ஷாம்ப அங்கிட்டு வையும்" என்றேன். "வச்சிட்டு இந்தப் பாட்டிலப் பிடியும்."