ஐந்தாவது சொம்பு

ஆஸ்பத்திரி மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த போனை டாக்டர் அன்பரசி நான்காவது முறையாகத் திருப்பிப் பார்த்தாள். மணி பன்னிரண்டு. வலிப்பு நோய் ஆராய்ச்சியில் சேர்கிறாளா இல்லையா என்று பெங்களூருக்கு ஐந்து மணிக்குள் பதில் போயாக வேண்டும். இரண்டு வருடம். மூளை அலைப் பதிவுகள், கட்டுரைகள், வாரத்தில் ஒரு நாள்தான் நோயாளிகள். அப்பா அர்ச்சுனனோ தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் கிளினிக்குக்கு இடமே பார்த்துவிட்டார். "நரம்பு டாக்டருக்கு ஜனங்க சேலத்துக்கு ஓடுது. நீ எதுக்கும்மா எலி அறுக்கப் போற?" என்று காலையிலும் கேட்டார். அந்த ஆராய்ச்சியில் எலியே கிடையாது.

அடுத்த டோக்கன் காவேரி. மொரப்பூர் பக்கம். தலையில் வெந்நீர் ஊற்றினால் வலிப்பு வரும் பெண். மூன்று மாதத்துக்கு முன் அன்பரசிதான் அதைக் கண்டுபிடித்து, மாத்திரை எழுதி, தலைக்குப் பச்சைத் தண்ணீர்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். காவேரி இப்போது நெற்றியில் தையலோடு வந்திருந்தாள்.

"மாத்திரைய விட்டுட்டீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"வெந்நீர் ஊத்தினீங்களா?"

காவேரி நர்ஸ் சுகுணாவைப் பார்த்தாள். சுகுணா வாசலுக்குப் போனதும் முன்னால் சாய்ந்தாள்.

"தெரிஞ்சேதான் ஊத்திக்கிட்டேங்க. மொத நாலு சொம்புக்கு ஒண்ணும் இருக்காது. அஞ்சாவதுல ஒண்ணு வரும் பாருங்க, ஒடம்பே எனக்கில்லாத மாதிரி. அவ்ளோ சொகம். ஊத்தற கை நிக்காதுங்க. அப்புறந்தான் வலிப்பு." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "வூட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்ல. பேய் புடிச்சிருக்குன்னுவாரு. அது ஏனுங்க மேடம் அப்படி?"

அன்பரசி பேனாவைக் கீழே வைத்தாள். இதைப் படித்திருக்கிறாள். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் கடைசியில் மூன்று வரி. ஏன் என்று அதிலும் இல்லை. எந்தச் சூட்டில், எத்தனை நொடியில், மூளையின் எந்தப் பக்கம் முதலில் என்று கேள்விகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

"தெரியலைங்க," என்றாள்.

காவேரி சிரித்துவிட்டாள். "உங்களுக்கே தெரியலையா? பரவால்ல, நீங்க கேக்கவாச்சும் செஞ்சீங்க. ஆம்பள டாக்டருங்ககிட்ட குளிக்கறதைப் பத்தி என்னத்த பேசறது? அடுத்த மாசமும் நீங்கதானே இருப்பீங்க?"

"வெளிய முப்பது பேர் நிக்கறாங்க," சுகுணா தலையை நீட்டினாள். "இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா காவேரி?"

அன்பரசி மாத்திரையைக் கூட்டி எழுதினாள். "ஆள் துணையில்லாம குளிக்காதீங்க. அடுத்த மாசம் வாங்க," என்றாள். தான் இருப்பேன் என்று சொல்லவில்லை. அந்தச் சுகத்தை எழுத சீட்டில் கட்டம் இல்லை. வேறொரு தாளில் எழுதி, மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கதவு வரை போன காவேரி திரும்பிப் பார்த்தது கண்ணில் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் பக்கெட்டில் வெந்நீர் பிடித்தாள். போன் குளியலறை சன்னலில் இருந்தது. நாலு ஐம்பது. வெளியே அப்பா யாரிடமோ, "பொண்ணு இன்னிக்கு முடிவா சொல்லிரும்," என்று பேசிக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. காதுக்குள் தண்ணீர் இரைந்தது, அவ்வளவுதான். ஐந்தாவதை முகந்து தலைக்கு மேல் தூக்கியவள் அப்படியே நின்றாள். பெங்களூருக்கு இன்னும் பதில் போகவில்லை. சொம்பிலிருந்து ஆவி எழுந்து சன்னல் பக்கம் போய், போனின் கண்ணாடியில் படிந்தது.