மேலே விட்டுப்போன ஒரு டிக்

பதினோரு நாள், நாலு மணி நேரம். தன் மெயில்பாக்ஸில் அந்த ஃபோல்டரை அலுவலகத்தில் மற்ற எட்டுப் பேருக்கும் அவள் திறந்துவிட்டு அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உள்ளே இருந்தது ஒரே ஒரு கடிதம், மருத்துவமனையிலிருந்து. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வர வேண்டும். கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சேர்க்க மாட்டார்கள். நேரில் போய்க் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. அலுவலகத்தில் மெயில் அனுமதிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். தெரிந்த வழியில் கேட்டாள். எட்டுப் பேரின் பெயரையும் சேர்த்து, ‘படிக்கலாம்’ என்று போட்டாள்.

ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதால், அங்கே எல்லோருடைய மெயில்பாக்ஸும் எல்லோர் திரையிலும் இடப்பக்கம் வரிசையாக நிற்கும். யாராவது படித்துவிட்டுத் தன் மேஜைப் பக்கம் வருவார்கள் என்று இருந்தாள். இன்று செவ்வாய்.

நாலரைக்குப் பர்ச்சேஸ் பிரிவு அக்கா அவள் மேஜைக்கு வந்தார்.

“ஏம்மா, நீ வேலைய விட்டுட்டியா?”

“இல்லியேக்கா. ஏன்?”

“லீவ் ஃபார்ம் உன் மெயில்பாக்ஸ்லதானே இருக்கும்? தேடினா உன் பேரே லிஸ்ட்ல இல்ல. சொல்லாம கொள்ளாம கம்பி நீட்டிட்டியோன்னு நெனச்சேன்.”

“எப்பலேர்ந்து இல்லக்கா?”

“யாருக்குத் தெரியும்? இன்னைக்குத்தானே தேடினேன்.”

அவள் தன் மெயில்பாக்ஸின் அனுமதிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். போன மாதம் மெயில் புதிய சர்வருக்கு மாறியபோது அனுமதிகள் மொத்தமும் அழிந்துபோயின. உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகச் சரிசெய்தது அவள்தான். தன்னுடையதை மறந்திருக்கிறாள். மேலே மெயில்பாக்ஸுக்கு ‘கண்ணுக்குத் தெரியட்டும்’ என்ற கட்டத்தில் டிக் இல்லையென்றால், உள்ளே இருக்கும் ஃபோல்டரை எவ்வளவு திறந்துவிட்டும் பயனில்லை. ஊருக்கெல்லாம் அவள் பாடம் எடுக்கிற விஷயம். ஒரு மாதமாக அவள் பெயர் யார் திரையிலும் இல்லை. இல்லை என்று ஒருவரும் சொல்லவும் இல்லை.

மவுஸ் அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. டிக் அடித்தால் அக்கா தன் இடத்துக்குப் போய் ஃபார்மை எடுப்பார். கடிதத்தைப் பார்த்தாலும் பார்ப்பார். பார்க்காமல் போனாலும் போவார்.

“என்னம்மா, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க? சட்டுனு சரி பண்ணு, எனக்கு வேலை கெடக்கு.”

மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“அக்கா, நாளை மறுநாள் எனக்கு ஆபரேஷன். கூட வர யாருமில்ல.”