பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள்

பாவசங்கீர்த்தன வரிசையில் நெற்றியில் குங்குமத்தோடு நின்றவள் உமாதேவி ஒருத்திதான். அவளுக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். ஐந்து மணிக்கு அந்தோணியார் தேர் புறப்பட்டுவிடும். ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தாலும் நேரம் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். போதாமல் போனால் நல்லது என்றும் தோன்றியது.

"ஏண்டி, ரொட்டி குடுக்கற வரிசை அந்தப் பக்கம்" என்றாள் மாரியம்மா. ஹெப்பாள் தையல் ஃபேக்டரியில் உமாவின் பக்கத்து மிஷின்காரி.

"தெரிஞ்சுதான் நிக்கறேன்க்கா."

"உனக்கு ஞானஸ்நானமே ஆகலையேடி! நானும்தான் மாரியம்மான்னு பேர வெச்சுக்கிட்டு இவருக்கு மெழுகுவத்தி வாங்கறேன். ஆனா பாவத்தச் சொல்ற வேலை மட்டும் வேண்டாம்ப்பா. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள தேரு ஊரச் சுத்திட்டு வந்துடும்."

உமா சிரிக்கப் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

பதின்மூன்று செவ்வாய் விடாமல் வந்து மெழுகுவத்தி ஏற்றினால் கேட்டது கிடைக்கும் என்பது மைசூரின் அந்தச் சின்னக் கோயிலில் எல்லா மதத்தாரும் நம்பிய வழக்கம். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளையில்லாத உமா, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த வேண்டுதலை எடுத்தாள். துணைக்கு அக்கா சௌம்யாவும் சேர்ந்தாள். இரண்டு பேர் சேர்ந்து தொடங்கினால் இரண்டு பேரும் சேர்ந்தே முடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

நாலாவது செவ்வாய், குழாயடியில் கால் கழுவும்போது, சௌம்யா தங்கையின் விரலைப் பிடித்துத் தன் அக்குளுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். புளியங்கொட்டை மாதிரி ஒன்று நகர்ந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா உமா?"

"இன்னும் ஒம்பது வாரம்தானேக்கா. நடுவுல படுக்கப் போட்டுட்டா வேண்டுதல் அறுந்துடும். மாமாகிட்டயும் சொல்லாதே, இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவாரு."

சௌம்யா சொல்லவில்லை. பதின்மூன்றும் முடிந்த பிறகுதான் போனார்கள். இரண்டு மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். போன டிசம்பரில் சௌம்யா போய்விட்டாள். உமாவுக்குப் பிள்ளையும் தங்கவில்லை.

வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃபாதர், தான் நினைத்ததைவிடச் சின்ன வயசுக்காரராக இருந்தது உமாவுக்குக் கூச்சமாக இருந்தது.

"கடைசியா எப்போ பாவசங்கீர்த்தனம் பண்ணீங்க?"

"பண்ணதே இல்ல ஃபாதர். நாங்க இந்துங்க."

"அப்படீன்னா பாவமன்னிப்பு குடுக்க என்னால ஆகாதும்மா" என்றவர், அவள் எழுந்திருக்கப் போவதைப் பார்த்து, "சொல்லுங்க, கேக்கறேன்" என்றார்.

சொன்னாள். 

"அவங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பேண்டு வாத்தியம் தொடங்கியது. யாரோ வந்து அவரை அழைத்துப் போனார்கள்.

தேருக்கு முன்னால் பிரசாந்த் முழங்காலில் நகர்ந்துகொண்டிருந்தான். அக்கா புருஷன், சின்னப் பெண் வைஷாலியின் அப்பா. ஆட்டோ ஓட்டுகிறவன், சாமி என்றாலே கிண்டல் பண்ணுகிறவன். ஏழாவது செவ்வாய் அவர்களை இறக்கிவிட வந்தவன், "அந்தச் செலைக்குக் காது கேக்குமாடி? சும்மனே மெழுகுவத்திக்காரன வாழ வெக்கிறீங்க" என்று வாசலிலேயே சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் சாமி தன் பெண்டாட்டியை எடுத்துக்கொண்டது என்று இப்போது நம்புகிறான்.

"அய்யோ பாவ, எஷ்டு பக்தி!" என்று அவன் பக்தியை மெச்சி ஒரு கன்னடக்கார அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதல் தெரு முடிந்தது. இரண்டாவது தெருவில் தார் பெயர்ந்து ஜல்லி துருத்திக்கொண்டிருந்தது. அவன் முழங்கால் பட்ட இடத்தில் சிவப்பாக ஒட்டியது. இன்னும் நாலு தெரு. இந்தத் திருப்பம் வரட்டும், அடுத்த திருப்பம் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்த உமாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. அவன் பக்கத்தில் குந்தினாள்.

"மாமா, எந்திரிங்க."

"விடு உமா. நான் பேசின பேச்சுக்கு இதுகூடப் பண்ணலன்னா எப்படி?"

"நீங்க இல்ல மாமா. நான்தான்."

அவன் நகர்வதை நிறுத்தினான். தேர் வருகிறது, ஒதுங்குங்கள் என்று பின்னாலிருந்து கத்தினார்கள். இருவரும் ஓரமாக ஒரு பூட்டிய கடையின் படிக்கு நகர்ந்தார்கள்.

"நாலாவது வாரமே அக்கா கட்டியக் காமிச்சா. நான்தான் யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். நடுவுல நின்னுட்டா எனக்குப் பலிக்காதுன்னு."

பிரசாந்த் விரல்களை மடக்கி எண்ணினான். நாலிலிருந்து பதின்மூன்று வரை. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

"அப்பவே வலிச்சுதா அவளுக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அப்ப இல்ல. கடைசி ரெண்டு மூணு வாரம், அந்தப் பக்கமா படுக்க முடியலன்னா."

"நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன்" என்றான் அவன். "திரும்பித் திரும்பிப் படுத்தா. சனியனே, தூங்க விடுன்னு கத்தினேன்."

அவன் அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று உமா நினைத்திருந்தாள். அவன் அழவுமில்லை, திட்டவுமில்லை. தேர் அவர்களைத் தாண்டிப் போனதும் முழங்காலில் ஒட்டிய ஜல்லியைத் தட்டிவிட்டான்.

"வைஷாலிக்கு நாளைக்கு ஸ்கூலு. எட்டு மணிக்கு வந்து தலை பின்னி விடு. எப்பவும் போல வா. அஞ்சு வயசுப் புள்ளைக்கு உன்ன விட்டா வேற யாரு இருக்கா?"

"சரி மாமா."

"என்கிட்ட மட்டும் பேசாதே. எப்பவும் பேசாதே."

அவன் எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேருக்கு முன்னால் போய் மறுபடியும் முழங்காலிட்டான். அவனை எழுப்பத்தான் அத்தனையும் சொன்னாள். இப்போது அவன் சுமப்பது சிலையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அல்ல. பக்கத்தில் படுத்திருந்தும் கேட்காமல் விட்டதை. அதை எந்த உண்மையைச் சொல்லியும் இறக்கி வைக்க முடியாது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கூட்டம் பாடிக்கொண்டே நகர்ந்தது. உமா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு எட்டு மணிக்குப் போக வேண்டும். கொஞ்ச நாளாக வைஷாலி, தலை பின்னும்போது மறந்துபோய் அவளை அம்மா என்று கூப்பிடுகிறாள். கூப்பிட்டுவிட்டு உடனே சித்தி என்று திருத்திக்கொள்கிறாள்.